மறைகுறி நாணயமும் குடும்பச் சேமிப்பும்

கையிலுள்ள பொருளை இன்றே விற்பதா, நாளைவரை வைத்திருப்பதா என்னும் கேள்வி மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் வாழும் மக்களுக்குப் புதியதன்று. பெரும்போக நெல்லைச் சூடடித்து மூட்டை கட்டிய படுவான்கரை உழவன், அதைக் களத்திலேயே வியாபாரிக்குக் கொடுத்துவிடுவதா, விலை ஏறும்வரை வீட்டில் அடுக்கி வைப்பதா என்று ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்கின்றான். வைத்திருந்தால் விலை ஏறலாம். ஆனால் கடன் கொடுத்தவன் காத்திரான். எலியும் ஈரமும் காத்திரா.

2020ஆம் ஆண்டு முதல் 2022ஆம் ஆண்டு வரை இலங்கை கண்ட இடர்க் காலத்திலே, இதே கேள்வி வேறொரு வடிவில் சில வீடுகளில் எழுந்தது. கணினி வழியாக வெளிநாட்டாருக்கு வேலை செய்து அதன் ஊதியத்தைக் கிரிப்டோ நாணயமாகப் பெற்றவரும், சிறு சேமிப்பை அதில் இட்டவரும், அதனை ரூபாவாக மாற்றிக்கொள்வதா, மாற்றாமல் வைத்திருப்பதா என்று தடுமாறினர். அக்காலத்து நிகழ்ச்சிகளை ஒழுங்குபட நிறுத்திப் பார்த்தால், இக்கேள்விக்கு ஒரு தெளிவு பிறக்கும்.

கிரிப்டோ நாணயம் என்பது யாது? அதனைத் தமிழில் மறைகுறி நாணயம் என்று கூறலாம். அது கையால் தொடத்தக்க காசன்று. கணக்கேட்டில் உள்ள ஒரு பதிவு. வங்கியின் கணக்கேடு வங்கியிடம் மட்டுமே இருக்கும். இதன் கணக்கேடோ உலகெங்கும் உள்ள பல்லாயிரம் கணினிகளில் ஒரே வகையாக எழுதப்பட்டிருக்கும். ஒருவர் தம் பதிவைப் பிறருக்கு மாற்றுவதற்கு இரகசியத் திறவுகோல் ஒன்று வேண்டும். இந்நாணயங்களுள் முதன்மையானது பிட்கொயின். 2009ஆம் ஆண்டு சனவரியில் வழக்குக்கு வந்தது. 2 கோடியே 10 இலட்சத்துக்கு மேல் அது பெருகாதவாறு விதி வகுக்கப்பட்டுள்ளது. ஆயினும், அதன் விலைக்கு எந்த அரசாங்கமும் பொறுப்பாளியன்று. வாங்குவோர் மிகின் ஏறும். விற்போர் மிகின் இறங்கும்.

பெருந்தொற்று உலகை வளைத்தபோது அவ்விறக்கம் கண்கூடாயிற்று. 2020 மார்ச் 12ஆந் திகதி, ஏறத்தாழ 8,000 டொலராக இருந்த பிட்கொயின் ஒரே நாளில் 5,000 டொலருக்கும் கீழே விழுந்தது. எங்கும் அச்சம் சூழவே, மக்கள் தம்மிடமிருந்த யாவற்றையும் விற்றுக் காசாக்க முற்பட்டமையே அதன் காரணம். அடுத்த வாரம், மார்ச் 20ஆந் திகதி, இலங்கை முழுவதிலும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. நாட்கூலி பெறுவோரும், சிறுகடை நடத்துவோரும், பாசிக்குடாவில் உல்லாசப் பயணிகளை நம்பி வாழ்ந்தோரும் வருவாய் இழந்தனர். விலை மிகத் தாழ்ந்திருந்த அவ்வேளையிலேதான் வீட்டுத் தேவை மிக உயர்ந்திருந்தது. இடர்க் காலத்தின் இயல்பே இதுவாகும்.

பின்னர் விலை ஏறலாயிற்று. 2021 நவம்பரில் ஒரு பிட்கொயின் ஏறத்தாழ 69,000 டொலரை எட்டியது. அதே ஆண்டில் இலங்கையின் நிலைமையோ நலிந்துகொண்டிருந்தது. மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடுக்கப்பட்டது. அதனையடுத்து வந்த பெரும்போகத்தில் விளைச்சல் குன்றியது. வெளிநாட்டுச் செலாவணி வற்றிய நிலையிலும் டொலரின் பெறுமதி 203 ரூபா அளவிலேயே பிடித்துவைக்கப்பட்டிருந்தது. 2022 மார்ச் மாதத்தில் அப்பிடி தளர்த்தப்பட்டது. மே மாதத்துக்குள் டொலர் ஏறத்தாழ 360 ரூபாவாயிற்று. ஏப்ரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி, 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதமாக இருந்தது. உணவுப் பொருள்களின் விலையேற்றம் 94.9 சதவீதமாயிற்று. எரிபொருளுக்கு மைல்கணக்கில் வரிசை நின்றது. மண்ணெண்ணெய் கிடையாமையால் மீனவர் தொழில் முடங்கியது.

இந்நிலையில் மூவகைச் சேமிப்பை ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். 2021 நவம்பரில் மூவர் கையில் தலைக்கு 2 இலட்சம் ரூபா இருந்ததாகக் கொள்வோம். அன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 1,000 டொலர்.

முதலாமவர் அதனை ரூபாவாகவே வைத்திருந்தார். தொகை குறையவில்லை, ஆனால் அதன் வலு குறைந்தது. 2021 செப்டெம்பரில் 2 இலட்சம் ரூபாவுக்கு வாங்கத்தக்க பொருள்களுக்கு, ஓராண்டு கழித்து ஏறத்தாழ 3 இலட்சத்து 40 ஆயிரம் ரூபா வேண்டியிருந்தது.

இரண்டாமவர் டொலராகவோ தங்கமாகவோ வைத்திருந்தார். டொலராக இருந்தது, 2022 ஜூன் மாதத்தில் 3 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா பெற்றது. உலகச் சந்தையில் தங்கத்தின் டொலர் விலை அவ்விடைக்காலத்தில் பெரிதும் மாறவில்லை. ஆகவே பவுணின் ரூபா விலையும் டொலரோடு சேர்ந்து உயர்ந்தது.

மூன்றாமவர் பிட்கொயினை உச்ச விலையில் வாங்கி வைத்திருந்தார். 2022 ஜூனில் அதன் விலை 20,000 டொலருக்கும் கீழே இறங்கியது. 20,000 என்றே கொண்டாலும், அவருடைய 1,000 டொலர் 290 டொலராகச் சுருங்கியது. ரூபாவில் ஏறத்தாழ 1 இலட்சத்து 4 ஆயிரம். ரூபா வீழ்ந்தமையால் கிடைத்த நயம் முழுவதையும் நாணயத்தின் வீழ்ச்சி விழுங்கியதோடு, முதலிலும் ஏறக்குறைய பாதியைக் கொண்டுபோயிற்று.

எனினும், 2020 மார்ச்சில் 5,000 டொலர் விலையில் ஊதியமாகப் பெற்று வைத்திருந்தவருக்கு, அதே ஜூன் மாதத்தில் அது டொலரில் நான்கு மடங்கு. ரூபாவிலோ அதனினும் மிகுதி. ஆகவே, ரூபா வீழும்போது கிரிப்டோ நாணயம் காப்பாற்றும் என்பதும் பொது விதியன்று. கெடுக்கும் என்பதும் பொது விதியன்று. எந்த விலையில் வந்தது, எந்த நாளில் தேவைப்பட்டது என்னும் இரண்டுமே விளைவைத் தீர்மானித்தன.

டொலரின் பெறுமதியோடு கட்டப்பட்ட நாணயங்களும் உள. இவற்றைப் பெற்று வைத்திருந்தோர் பலருக்கு டொலர் வைத்திருந்ததன் பயன் கிடைத்தது. ஆயினும் அக்கட்டு எல்லாவற்றிலும் ஒரே உறுதியுடையதன்று. டெரா என்னும் அமைப்பின் அத்தகைய நாணயம் 2022 மே மாதத்தில் சில நாட்களுக்குள் தன் பெறுமதியில் பெரும்பகுதியை இழந்தது. அவ்வாண்டு நவம்பரில், உலகப் பெரும் பரிமாற்ற நிலையங்களுள் ஒன்றான எஃப்.ரி.எக்ஸ். முறிவடைந்தது, தம் நாணயத்தை அங்கே ஒப்படைத்திருந்தவர்கள் அதை வேண்டியபோது எடுக்க இயலாது நின்றனர். பிறரிடம் ஒப்படைத்தால் அவர் கெடலாம். தாமே வைத்திருந்தால், இரகசியச் சொற்களை எழுதிய தாள் தொலைந்த அன்றே பொருளும் தொலையும்.

இனி, ரூபாவாக மாற்றும் வழியைக் கருதுவோம். வாவியில் எவ்வளவு நீர் நிறைந்திருப்பினும், முகத்துவாரத்தை மணல் அடைத்திருக்குமாயின் அது கடலைச் சேராது. கிரிப்டோ நாணயத்தின் நிலையும் அத்தகையதே. தொலைபேசித் திரையில் காணும் தொகை, அரிசிக் கடையில் கொடுக்கத்தக்க ரூபாவாக மாறும் வழி இலங்கையில் அகலமாக இருக்கவில்லை. இந்நாணயங்கள் சட்டபூர்வமான பணமல்ல என்றும், இவற்றை நடத்துவதற்கு எந்த நிறுவனத்துக்கும் உரிமம் வழங்கப்படவில்லை என்றும் இலங்கை மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் மக்களுக்கு அறிவித்தது. வங்கி அட்டைகளைக் கொண்டு இவற்றை வாங்குதலும் அனுமதிக்கப்படவில்லை. ஆதலின், விற்க விரும்பியவர் முன்பின் அறியாத ஒருவருக்கு நாணயத்தை மாற்றிக் கொடுத்து, அவர் தம் வங்கிக் கணக்கில் இடும் ரூபாவைப் பெறுதலே வழக்கமாயிற்று. அவ்வாறு வரும் பணம் மோசடியால் ஈட்டப்பட்டதாயின், பெற்றவருடைய கணக்கே விசாரணைக்கு உள்ளாகக்கூடும். அன்றியும், 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம்வரை மின்சாரம் தடைப்பட்டது. விலை சரிந்துகொண்டிருக்கும் வேளையில் இணையமும் இயங்காதாயின், விற்க எண்ணியவர் கைகட்டி இருக்கவேண்டியதே.

கிரிப்டோ நாணயத்தின் பெயரால் பரமிட் திட்டங்களும் நடந்தன. ஆள் சேர்த்தால் இலாபம் என்று கூறும் எத்திட்டமும், 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்கீழ்த் தடை செய்யப்பட்டதாகும். பிந்தி வந்தவரின் பணமே முந்தி வந்தவரின் இலாபமாகையால், அத்திட்டம் உறவினரை உறவினருக்கே பகையாக்கும்.

அதன்பின் நிகழ்ந்தது என்ன? 2022 பிற்பகுதியில் 3 மாதத் திறைசேரி உண்டியலின் வட்டி 30 சதவீதத்தைக் கடந்தது; 2023இல் ரூபா சற்று வலுப்பெற்றது; ஜூலையில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியது. ஆகவே, 2022 இறுதியில் ரூபாவாக்கி வைப்பிலிட்டவர் நட்டமடையவில்லை. 2022 நவம்பரில் ஏறத்தாழ 16,000 டொலராக இருந்த பிட்கொயின், 2024 மார்ச்சில் 73,000 டொலரைக் கடந்தது. ஆகவே, விற்காது பொறுத்தவரும் நட்டமடையவில்லை. உச்ச விலையில் வாங்கிய மூன்றாமவருக்கும் முதல் மீண்டது. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டும் நான்கு மாதமும் காத்திருக்கவேண்டியிருந்தது. காத்திருக்க இயன்றவருக்கே அது மீண்டது. பிள்ளையின் பால்மாவுக்கும் முதியவரின் மருந்துக்கும் 2022 ஜூனில் விற்றவருக்கு அது என்றும் மீளவில்லை.

இதிலிருந்து பெறப்படும் உண்மை ஒன்று. வைத்திருப்பதா, மாற்றுவதா என்பதை நாளைய விலையைக் கொண்டு தீர்மானித்தல் இயலாது. அதனை அறிந்தவர் எவரும் இலர். வீட்டின் தேவையைக் கொண்டே தீர்மானிக்க இயலும். நெல்லை உண்பதற்கு, விதைப்பதற்கு, விற்பதற்கு என்று மூன்றாகப் பிரித்து வைத்தல் நல்ல உழவனின் முறை. வருவாய் எவ்வடிவில் வரினும் அம்முறை பொருந்தும். ஆறு மாத உணவுக்கும் மருந்துக்கும் கடன் தவணைக்கும் வேண்டியது, நாளுக்கு நாள் விலை மாறாத வடிவில் கைக்கெட்ட இருத்தல் வேண்டும். பிள்ளைகளின் கல்விக்கும் தொழிலுக்கும் உரியது, ஒரே இடத்தில் குவியாது, பலவாறாகப் பிரிந்திருத்தல் வேண்டும். இவ்விரண்டுக்கும் மிஞ்சியது மட்டுமே ஏறி இறங்கும் பொருளில் இருக்கத்தக்கது. அதுவும் சட்டத்துக்கு அமைந்த வழியில். கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ அதில் இடுதல் எவ்வாற்றானும் தகாது.

அன்றியும், இத்தகைய சேமிப்பு வீட்டிலே ஒருவருக்கு மட்டும் தெரிந்த இரகசியமாக இருத்தல் ஆகாது. பெருந்தொற்று எத்தனையோ குடும்பத் தலைவர்களைச் சில நாட்களுக்குள் கொண்டுபோயிற்று. திறவுகோல் அவரோடு மறையுமாயின், அவர் ஈட்டியது கணக்கேட்டில் என்றென்றும் பதிவாகவே இருக்கும்; வீட்டாருக்கு ஒரு சதமும் உதவாது.