ஒளியும் செடிகளின் பொழுதறி திறனும்

பொழுது சாயப் புளியிலைகள் குவிவதையும் விடியலில் அவை மீண்டும் விரிவதையும் நாம் நாள்தோறும் காண்கின்றோம். ஒளி மறைதலே குவிதற்குக் காரணம் என்பது எளிதிற் பிறக்கும் முடிபு. அது பொருந்துமா என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

1729-இல் பிரஞ்சு அறிஞர் தெ மெய்ரான் தொட்டாற்சுருங்கி வகைச் செடியொன்றை இருளில் வைத்தார். கதிரொளி படாதிருந்தும் அதன் இலைகள் பகலில் விரிந்து இரவிற் குவிந்தன. 1832-இல் தெ கண்டோல், இடையறா ஒளியில் வைத்த தொட்டாற்சுருங்கியின் சுழற்சி 22 முதல் 23 மணி நேரமே எனக் கண்டார். இருபத்துநான்கு மணியோடு இசையாத இவ்வளவே, பொழுதறி கருவி செடியின் அகத்தே உளது என்பதற்குத் தக்க சான்றாகும்.

அங்ஙனமாயின் ஒளியின் தொழில் யாது? பிறழும் அக்கருவியை நாள்தோறும் திருத்துதலே அதன் தொழில். அரபிடாப்சிசு என்னும் கடுகினச் சிறுசெடியில், காலையில் மிகும் புரதங்கள் மாலைக்குரிய மரபணுவை அடக்குகின்றன. அவை குறைந்தபின் மாலை மரபணு தொழிற்பட்டுக் காலை மரபணுக்களை அடக்குகின்றது. இச்சுழற்சியே கடிகாரம். செவ்வொளியைப் பைட்டோக்குரோமும் நீல ஒளியைக் கிரிப்டோக்குரோமும் ஏற்று இதற்கு உணர்த்துகின்றன. இரவின் முற்பகுதியிற்படும் ஒளி கடிகாரத்தைப் பின்தள்ளும்; பிற்பகுதியிற்படும் ஒளி முன்தள்ளும். இவ்வாறே அது ஞாயிற்றோடு ஒத்தியங்குகின்றது.

தொல்காப்பியம் பொழுதை முதற்பொருளாகவும் மரத்தைக் கருப்பொருளாகவும் வகுத்தது. பொழுது புறத்தே நிற்க, மரம் அதற்கு ஆட்படுவது என்றே நாம் இதுகாறும் கொண்டோம். செடியோ தன் பொழுதைத் தன்னுள்ளே கொண்டு, ஒளியால் அதனைச் சரிபார்த்துக்கொள்கின்றது. மாலையில் குவியும் இலையைப் பாடலிற் காணுங்கால் இவ்வுண்மையையும் உளங்கொள்ளுதல் நன்று.