பழைய வீட்டை உடைக்கும் முன்னர்...

புதிய வீடு கட்டுவதற்கு நாள் பார்ப்பதிலும், தேர்ந்த மேசன்மாரைத் தெரிவு செய்வதிலும் எம்மவர்கள் காட்டும் அக்கறை, நின்ற வீட்டை உடைப்பிப்பதில் காட்டப்படுவதில்லை. உடைப்பதற்கு என்ன தேர்ச்சி வேண்டும் என்ற எண்ணமே இதற்குக் காரணமாகும். ஆனால் கட்டும்போது சுவர் நாளுக்கு நாள் பலம் பெறுகின்றது. உடைக்கும்போதோ மணிக்கு மணி பலம் இழக்கின்றது. பழுதடைந்த கட்டடங்கள் தாமாகவே வீழக்கூடியவை என்பதை 2018 பெப்ரவரியில் கொழும்பு, கிராண்ட்பாஸில் எழுவரைப் பலிகொண்ட அனர்த்தம் உணர்த்தியது.

எமது நாட்டில் பழைய முதிரை, தேக்கு மரங்களுக்கும் ஓடு, கதவு, நிலைகளுக்கும் நல்ல விலையுண்டு. எனவே அவற்றைத் தாமே எடுத்துக்கொண்டு, உரிமையாளருக்கு ஒரு தொகையும் தந்து வீட்டை உடைக்க முன்வருவோர் பலர். ஆபத்து இங்கேதான் ஆரம்பமாகின்றது. கூடிய தொகை கொடுத்தவர் மரங்களை விரைவாகக் கழற்றி விற்கவே முனைவார். சுவர்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்பவை அம்மரங்களே. அவை அகற்றப்பட்டதும் சுவர் தனித்து நிற்கின்றது. அதன் அடியைக் கொத்திச் சாய்க்க முற்படும் தொழிலாளி மீதே அது வீழ்கின்றது. கட்டிய ஒழுங்கிற்கு நேர்மாறாக, மேலிருந்து கீழாக, வரிவரியாக உடைப்பதே முறையாகும். எச்சுவரை எந்த ஒழுங்கில் உடைப்பீர் என ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள். தெளிவான பதில் இல்லையாயின் அவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள்.

கூரையில் அஸ்பெஸ்டஸ் தகடுகள் இருப்பின் மேலதிக அவதானம் தேவை. அவற்றைச் சுத்தியலால் நொறுக்கும்போது கிளம்பும் நுண்ணிழைகள் சுவாசப்பையில் தங்கி, பல தசாப்தங்களின் பின்னரும் புற்றுநோயை ஏற்படுத்தவல்லவை. நீர் தெளித்து, முழுத் தகடாகக் கழற்றி, பொலித்தீனால் சுற்றியே அகற்ற வேண்டும்.

கொழும்பு, காத்தான்குடி போன்ற நெருக்கமான இடங்களில் அயலவரின் சுவரும் எமது சுவரும் ஒன்றாகவே இருப்பதுண்டு. வேலைக்கு முன்னரே அயலவரோடு சேர்ந்து வெடிப்புகளைப் புகைப்படம் எடுத்துக்கொள்வது பின்னைய பிணக்குகளைத் தவிர்க்கும். மதிலையோ வேலியையோ அகற்றுவதாயின் முதலில் நில அளவையாளரைக் கொண்டு எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வேலி போனபின் எல்லைக்குச் சாட்சி இல்லாது போகலாம். யுத்தம் நடைபெற்ற பகுதிகளில் சந்தேகத்துக்கிடமான பொருள் எதுவும் தென்படின், அதனைத் தொடாது வேலையை நிறுத்திப் பொலிஸாருக்கு அறிவிப்பது கட்டாயமாகும்.

உள்ளூராட்சி மன்றத்தில் அனுமதி குறித்து விசாரித்து, மின், நீர் இணைப்புகளைத் துண்டித்த பின்னரே வேலை தொடங்கப்பட வேண்டும். அத்திவாரம் எவ்வளவு ஆழத்திற்குத் தோண்டப்படும், மலக்குழியை மூடுவது யார், இடிபாடுகள் எங்கே கொட்டப்படும், எப்பொருள் யாருக்குரியது, தொழிலாளி காயமடைந்தால் நட்டஈடு வழங்குவது யார் என்பன எழுத்தில் இருத்தல் வேண்டும். 1934ஆம் ஆண்டின் வேலையாட்களுக்கான நட்டஈட்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தும், வாய்ப்பேச்சில் முடியும் ஒப்பந்தங்களால் பல குடும்பங்கள் பொறுப்பாளியைத் தேடி அலைய நேர்கின்றது. பணத்தையும் முழுமையாக முற்கூட்டியே கொடுக்காது, வேலையின் கட்டங்களுக்கேற்பக் கொடுப்பதே உசிதமானது.

குறைந்த செலவில் வீட்டை உடைப்பித்தோம் எனப் பலர் மகிழ்வதுண்டு. மிச்சம் பிடித்த அப்பணத்திற்கான விலையை ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் செலுத்த நேருமாயின், அந்நிலத்தில் எழும் புதுமனையில் நிம்மதியாகக் குடிபுகுவது எங்ஙனம்?