தக்காளியின் தோல் என்ன நிறம்?

தக்காளியின் தோல் என்ன நிறம் என்று கேட்டால், "சிவப்பு" என்று உடனே சொல்லிவிடுவீர்கள். என் வகுப்பு மாணவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். நன்றாகப் பழுத்த தக்காளி ஒன்றைக் கொதிநீரில் அரை நிமிடம் போட்டெடுத்து, தோலை மெல்ல உரியுங்கள். அதன் உட்புறம் ஒட்டியுள்ள சதையை வழித்துவிட்டு, தோலை மட்டும் ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அது சிவப்பாக இராது. மஞ்சளாக இருக்கும்!

ஆக, நாம் காணும் தக்காளிச் சிவப்பு, சிவந்த சதையை ஒரு மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பதால் கிடைப்பது. தோலில் உள்ள அந்த மஞ்சள் பொருளுக்கு நரின்ஜெனின் சால்கோன் என்று பெயர். இப்பொருள் உண்டாகாத ரகங்களும் உண்டு. அவற்றின் தோல் நிறமற்றது; எனவே பழம் இளஞ்சிவப்பாகத் தோன்றும். அமெரிக்காவில் நூறாண்டுகளுக்கு மேலாகப் பயிராகிவரும் 'பிராண்டிவைன்' என்னும் ரகம் இப்படிப்பட்டது. சதையின் சிவப்பு மாறவில்லை, கண்ணாடிதான் மாறியிருக்கிறது.

பௌதிகம் சொல்லிக் கொடுப்பவனுக்குத் தக்காளியில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். நிறம் என்பது ஒளியின் விஷயம் அல்லவா? அந்த வழியாகத்தான் நான் இதற்குள் நுழைந்தேன்.

விதைக் கம்பெனிகள் பெருகுவதற்கு முன், அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல குடும்பங்கள் தங்கள் தோட்டத்துத் தக்காளியின் விதையைத் தாங்களே எடுத்து வைத்து, ஆண்டுதோறும் விதைத்து வந்தன. பாட்டி பேத்திக்குக் கொடுத்து வந்த இந்தப் பரம்பரை ரகங்களில் மஞ்சள் உண்டு, ஆரஞ்சு உண்டு, ஏறக்குறையக் கறுப்பும் உண்டு. நன்றாகப் பழுத்த பின்னும் பச்சையாகவே இருப்பவையும் உண்டு. இந்த வண்ணங்கள் எல்லாம் சாதாரணத் தக்காளியில் இல்லாத ஏதோ ஒன்று புதிதாகச் சேர்ந்ததால் வந்தவை என்றே நான் எண்ணியிருந்தேன். உண்மை இதற்கு நேர்மாறானது. இவற்றுள் பெரும்பாலானவை, ஏதோ ஒரு ஜீன் தன் வேலையை நிறுத்திவிட்டதால் வந்தவை.

சதையின் சிவப்பு நிறமிக்கு லைக்கோபீன் என்று பெயர். 40 கார்பன் அணுக்களும் 56 ஹைட்ரஜன் அணுக்களும் கொண்ட நீண்ட மூலக்கூறு இது. அதன் முதுகெலும்பில் 11 இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுவிட்டு ஒன்றாக வரிசையாக அமைந்துள்ளன. இத்தகைய அமைப்பில் எலெக்ட்ரான்கள் ஓர் அணுவோடு கட்டுண்டு கிடப்பதில்லை. நீளம் முழுவதும் பரவி நிற்கின்றன. வீணையின் தந்தியை நினைத்துக் கொள்ளுங்கள். தந்தி நீண்டால் சுருதி இறங்கும். இங்கும் அப்படித்தான்: எலெக்ட்ரான்கள் பரவும் தூரம் கூடினால், மூலக்கூறு உறிஞ்சும் ஒளியின் அதிர்வெண் குறையும். லைக்கோபீன் நீளமானது. ஆகையால் ஊதா, நீல ஒளியோடு நிற்காமல், 500 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியையும் விழுங்கிவிடுகிறது. மீந்து நம் கண்ணுக்கு வருவது சிவப்பு.

இந்த மூலக்கூறைச் செடி ஒரே மூச்சில் செய்துவிடுவதில்லை. தொழிற்சாலையில் ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குப் பொருள் போவதுபோல, ஒவ்வொரு படியிலும் ஒரு நொதி வேலை செய்கிறது. ஒவ்வொரு நொதிக்கும் ஒரு ஜீன் உண்டு. முதற்படி ஜீன் பழுதானால் லைக்கோபீன் ஏறக்குறைய உண்டாவதே இல்லை, பழம் மஞ்சளாகிறது. பின்னால் வரும் ஒரு படி பழுதானால் நிகழ்வது இன்னும் சுவையானது. அதே 40 கார்பன், அதே 56 ஹைட்ரஜன். ஆனால் மூலக்கூறு நான்கு இடங்களில் வளைந்தபடியே நின்றுவிடுகிறது. வளைவை நிமிர்த்தும் நொதி இல்லை. வளைந்த மூலக்கூறு குட்டையான தந்திபோல் நடந்துகொள்கிறது. பச்சை ஒளியை விட்டுவிடுகிறது. பழம் ஆரஞ்சு நிறம் பெறுகிறது. இதற்குக் காரணமான ஜீனை 2002இல் கண்டறிந்தார்கள். அணு ஒன்றுகூட மாறாமல், வடிவம் மாறியதால் மட்டும் நிறம் மாறுகிறது! அச்செடியின் இலைகள் மட்டும் ஏன் நன்றாகவே இருக்கின்றன என்றால், அங்கே நிமிர்த்தும் வேலையைச் சூரிய ஒளியே பெரும்பாலும் செய்துவிடுகிறது.

இனிக் கறுப்புத் தக்காளி. 1990இல் டென்னஸி மாநிலத்திலிருந்து ஒருவர் தபாலில் அனுப்பிய விதையை முளைக்க வைத்து, அதற்கு 'செரோக்கி பர்ப்பிள்' என்று பெயரிட்டவர் கிரெய்க் லஹூலியர் என்னும் அமெரிக்கத் தோட்டக் கலைஞர். இந்தக் கறுப்பு தனி நிறமி அன்று. காய் பழுக்கும்போது பச்சையம் சிதைந்து மறைய வேண்டும். இந்த ரகத்தில் அது மறைவதில்லை. சிவப்பும் வருகிறது, பச்சையும் போகமாட்டேன் என்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஏறக்குறைய எல்லா ஒளியும் உறிஞ்சப்பட்டுக் கருநிறம் தோன்றுகிறது. அதன் மேல் தோல் மஞ்சளானால் பழம் பழுப்பு. செரோக்கி பர்ப்பிளில் உள்ளதுபோல் நிறமற்ற தோலானால் ஊதா கலந்த கறுப்பு.

பச்சையத்தைச் சிதைக்க உதவும் இந்த ஜீன் உங்களுக்குப் பழைய நண்பன்தான். பள்ளிப் பாடத்தில் மெண்டலின் பட்டாணியைப் படித்திருப்பீர்கள். மஞ்சள் விதை ஓங்கு பண்பு, பச்சை விதை ஒடுங்கு பண்பு என்று மனப்பாடம் செய்தோமே, அந்தப் பச்சைப் பட்டாணியில் பழுதுபட்டிருப்பதும் இதே வகை ஜீன்தான் என்று 2007இல் தெரிந்தது. அடுத்த ஆண்டே தக்காளியிலும் அதன் இணை ஜீன் பிடிபட்டது. 1866இல் மெண்டல் எழுதிய கட்டுரைக்கும் கறுப்புத் தக்காளிக்கும் இப்படி ஓர் உறவு!

இப்போது ஒரு புதிர். கறுப்புத் தக்காளியையும் மஞ்சள் தக்காளியையும் கலப்புச் செய்தால், முதல் தலைமுறைப் பழங்கள் என்ன நிறமாக இருக்கும்? இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு நிறம் என்பீர்கள். இல்லை, எல்லாமே சாதாரணச் சிவப்பு. மஞ்சளில் சிவப்பை உண்டாக்கும் ஜீன் பழுது. அதன் நல்ல பிரதி கறுப்பில் இருக்கிறது. கறுப்பில் பச்சையத்தைச் சிதைக்கும் ஜீன் பழுது. அதன் நல்ல பிரதி மஞ்சளில் இருக்கிறது. ஒருவர் குறையை மற்றவர் ஈடு செய்துவிட்டார். இந்தச் சிவப்புப் பழத்தின் விதையை விதைத்தால், அடுத்த தலைமுறையில் 16 செடிகளுக்கு 9 சிவப்பு, 3 கறுப்பு, 3 மஞ்சள் என்ற விகிதத்தில் வரும். எஞ்சிய ஒன்று? அதில் இரண்டு பழுதுகளும் கூடியிருக்கும். சிவப்பு வராது, பச்சை போகாது. அதுதான் பழுத்தும் பச்சையாக இருக்கும் தக்காளி. (அது பழுத்ததா என்று விரலால் அமுக்கித்தான் பார்க்க வேண்டும்.)

இந்த ஒடுங்கு பண்புகள் குடும்பத் தோட்டங்களில் நிலைத்ததற்குத் தக்காளிப் பூவின் அமைப்பு உதவியது. அதன் மகரந்தத் தாள்கள் குழல்போல் கூடிச் சூல்முடியை மூடியிருப்பதால், பெரும்பாலும் தன் மகரந்தமே தன் மேல் விழுகிறது. ஆகவே ஒரு பிரதியில் ஏற்பட்ட பழுது ஒன்றிரண்டு தலைமுறைகளில் இரு பிரதிகளிலும் வந்து வெளிப்பட்டுவிடும். வெளிப்பட்டதை ஒருவர் கவனித்து, "இது புதுமையாக இருக்கிறதே" என்று விதையை எடுத்து வைத்தால், பிறகு அது மாறாமல் தொடரும். எடுத்து வைக்காவிட்டால் அன்றோடு போயிற்று.

பரம்பரை ரகங்களைப் பழுதுகளின் பட்டியல் என்று யாரும் ஏளனம் செய்ய வேண்டாம். பெரிய பழுது ஒன்று நவீன ரகங்களில்தான் இருக்கிறது. பழைய தக்காளிகளின் காயைப் பார்த்தால், காம்பைச் சுற்றியுள்ள தோள்பகுதி கரும்பச்சையாகவும் அடிப்பகுதி வெளிர்பச்சையாகவும் இருக்கும். காய் முழுவதும் ஒரே சீரான வெளிர்பச்சையாக இருக்கும் ஒரு பழுதை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இனவிருத்தியாளர்கள் விரும்பிச் சேர்த்தார்கள். காரணம் இருந்தது: அறுவடைப் பருவத்தைக் கண்டுகொள்வது எளிது, பழமும் திட்டுத் திட்டாக இல்லாமல் ஒரே சிவப்பாகப் பழுக்கும். சந்தைக்கு அழகு.

அந்தப் பழுது என்ன என்று கலிபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் அவர்களுடன் உழைத்தவர்களும் 2012இல் 'ஸயன்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ஜி.எல்.கே.2 என்னும் ஜீனில் ஓர் எழுத்து கூடுதலாக நுழைந்து, அதன் செய்தியைப் பாதியில் முறித்துவிட்டது. காயில் பசுங்கணிகங்களை வளர்ப்பது அந்த ஜீனின் வேலை. பழத்தின் சர்க்கரை பெரும்பாலும் இலையிலிருந்து வந்தாலும், காயும் தன் பங்குக்கு ஒளிச்சேர்க்கை செய்கிறது. கரும்பச்சைத் தோள் கறையன்று. ஒரு சிறு சமையலறை. அழகுக்காக அதை மூடிவிட்டார்கள்! அந்த ஜீனின் நல்ல பிரதியைத் திரும்பச் சேர்த்தபோது, காய் கரும்பச்சையாகி, பழத்தில் சர்க்கரையும் லைக்கோபீனும் கூடின.

கடைத் தக்காளி சப்பென்று இருப்பதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. சுவையில் பாதி மணம். 2017இல், புதியவை, பரம்பரை ரகங்கள், காட்டுத் தக்காளிகள் என 398 வகைகளின் ஜீன் தொகுதிகளை ஆராய்ந்தவர்கள், மணம் தரும் பொருள்கள் பலவும் நவீன ரகங்களில் குறைந்துவிட்டதைக் கண்டார்கள். எடையையும் உறுதியையும் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் மணத்தைக் கவனிக்கவில்லை. கவனிக்காத ஜீன்கள் வழியில் உதிர்ந்துவிட்டன. அவற்றின் நல்ல பிரதிகள் இன்னும் இருப்பது, யாரோ எடுத்து வைத்த பழைய விதைகளில்.

அடுத்த முறை சந்தையில் கூடையில் பழத்தோடு கலந்து காயும் கிடந்தால், ஒன்றை எடுத்துக் காம்பைச் சுற்றிப் பாருங்கள். கரும்பச்சை வளையம் தெரிந்தால், ஜி.எல்.கே.2 அதில் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.