செயின் கவரைக் கழற்றாதீங்க!

போன ஆடி மாதம் ஒரு சாயங்காலம். ஆறு வயசுப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒருவர் என் வைத்தியசாலைக்குள் ஓடிவந்தார். கூடவே அழுதுகொண்டு அம்மா.

"டாக்டரய்யா, பைக்குல பின்னால இருந்தான். கால் சக்கரத்துக்குள்ள போயிட்டு. எலும்பு ஒண்ணும் ஒடையலைன்னுதான் தோணுது. ஒரு கட்டுப் போட்டு, எண்ணெய் தந்தாப் போதும்."

குதிகாலில் மஞ்சளும் காப்பிப் பொடியும் அப்பியிருந்தது. கழுவிப் பார்த்தேன். தோல் கிழிந்து பின்னுக்கு மடிந்திருக்க, உள்ளே வெள்ளையாகக் குதிநரம்பு தெரிந்தது. கட்டுப் போடவில்லை. சுத்தத் துணியால் மூடி, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டேன். எக்ஸ்ரேயில் எலும்பில் விரிசல். நாலு நாளில் தோல் கறுத்துப் போய், வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டி வந்தது.

வாசலில் நின்ற பைக்கைப் பார்த்தேன். செயின் கவர் இல்லை. சேலை கார்டும் இல்லை. கேட்டதற்கு, "பார்க்க நல்லா இருக்கும்னு கழட்டிப் போட்டேன் ஐயா" என்றார். தலை நிமிரவில்லை.

எப்படி மாட்டுகிறது?

நம் ஊர் பைக்குகளில் பெரும்பாலும் வலப்பக்கம் சைலன்சர், இடப்பக்கம் செயின். சைலன்சர் சுடும் என்று பெண்கள் இடப்பக்கம் காலைத் தொங்கவிட்டு ஒருபக்கமாக உட்காருகிறார்கள். அதாவது, செயினுக்கும் சக்கரத்துக்கும் நேர் மேலே! முந்தானையோ துப்பட்டாவோ ஒரு நுனி உள்ளே போனால் போதும். 40 கிலோமீட்டர் வேகத்தில் பின்சக்கரம் ஒரு நொடிக்குச் சுமார் 6 சுற்று சுற்றும். "ஐயோ" என்று கத்துவதற்குள் துணி முழுக்க உள்ளே போய்விடும்.

நம் மாவட்டத்தில் இன்னொரு கஷ்டமும் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் பைக்கில் போனவர்களுக்குத் தெரியும். காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான் சேலையையும் சுழற்றுகிறது.

துப்பட்டா கழுத்தில் சுற்றியிருந்தால் உயிருக்கே ஆபத்து. இசடோரா டங்கன் என்ற உலகப் புகழ் நடனக் கலைஞர் 1927-ல் பிரான்சின் நீஸ் நகரில் இறந்தது இப்படித்தான். கழுத்துத் துணி கார் சக்கரத்தில் சிக்கிவிட்டது.

சின்னப் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்குக் கால் மிதிபலகைக்கு எட்டாது. தொங்கும் கால் தூக்கக் கலக்கத்தில் உள்பக்கம் ஒதுங்கும். கம்பிகளுக்கும் பின்சக்கரத்தைத் தாங்கும் சட்டத்துக்கும் நடுவே குதிகால் நசுங்கும். வெளியே சின்னக் கீறலாகத் தெரியும். உள்ளே நசுங்கிய தோல் செத்துப்போவது மூணு நாலு நாள் கழித்துத்தான் தெரியும். 'சின்னக் காயம்தானே' என்று விடக்கூடாது என்பது இதனால்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி இதற்காகவே இருக்கிறது. பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடி, மிதிபலகை, உடை சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு ஆகிய மூன்றும் வேண்டும். வண்டியோடு வரும் சேலை கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டுவது, வேலியை நாமே பிடுங்கி எறிகிற மாதிரி.

பின்டயரை ஒட்டி வரும் சின்ன மட்கார்டும் சும்மா இல்லை. நமக்கு வருஷத்தில் இரண்டு மழைக்காலம். அது இல்லாத வண்டி வாரியடிக்கும் சேறும் பொடிக்கல்லும் பின்னால் வருகிறவர் கண்ணில்தான் விழும்.

விபத்து நடந்துவிட்டால்...

* முதலில் எஞ்சினை நிறுத்துங்கள். மாட்டிய காலைப் பிடித்து இழுக்காதீர்கள். பிள்ளையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மெக்கானிக்கை வைத்துக் கம்பியை வெட்டி எடுங்கள்.

* கழுத்தில் துணி இறுகினால் உடனே கத்தரித்துவிடுங்கள். கழுத்தை அசைக்க வேண்டாம். 'நல்லாத்தான் பேசுதா' என்று வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள். உள்வீக்கம் மெதுவாக வந்து மூச்சை அடைக்கும்.

* காயத்தை ஓடும் சுத்தத் தண்ணீரில் கழுவுங்கள். கிரீஸும் மண்ணும் உள்ளே இருக்கும். மஞ்சள், காப்பிப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ரத்தம் வந்தால் துணியால் அழுத்திப் பிடியுங்கள். தடுப்பூசி (டெட்டனஸ்) பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

* எஞ்சின் ஓடும்போது செயினைத் துணியால் துடைத்து விரலை இழந்தவர்கள் உண்டு. துண்டான விரலை ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்துக் கொண்டுபோங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக்கூடாது.

கட்டு வைத்தியம் எப்போது?

வர்மமும் கட்டு வைத்தியமும் தழைத்த மண் இது. 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என்று 108 இடங்களை எண்ணி வைத்த ஆசான்களின் மண். அந்த மரியாதையோடே சொல்கிறேன்: தோல் கிழிந்த காயத்தின் மேல் முதல் நாளே இறுக்கிக் கட்டுவதும், எண்ணெய் போட்டுத் தேய்ப்பதும் ஆபத்து. ரத்த ஓட்டம் தடைப்பட்டு, பிழைக்க வேண்டிய தோலும் செத்துப்போகும். முறிவெண்ணெய்க்கும் காலம் உண்டு. எக்ஸ்ரே பார்த்து, புண் ஆறி, மூட்டு இறுகிப்போயிருக்கும்போது எங்களிடம் வாருங்கள். அப்போது எங்களால் உதவ முடியும்.

வண்டியை எடுக்கும் முன்...

சேலை கார்டு இருக்கிறதா? செயின் கவர் ஆடுகிறதா? முந்தானையை இழுத்துச் செருகியாச்சா? துப்பட்டாவின் இரண்டு முனையையும் முன்பக்கம் கொண்டுவந்து முடிந்தாச்சா? பிள்ளையின் கால் மிதிபலகைக்கு எட்டுகிறதா? எட்டாவிட்டால் பின்னால் தனியாக உட்கார வைக்காதீர்கள்.

அந்தப் பையன் இப்போது நடக்கிறான். கொஞ்சம் சாய்த்து நடக்கிறான். சரியாகிவிடும் என்று நம்புகிறேன். அப்பா மறுபடி செயின் கவர் மாட்டிவிட்டார். நீங்கள் அதற்கு ஒரு விபத்து வரும்வரை காத்திருக்க வேண்டாம்.