உணவை ஆராயும் கைக்கருவி

உண்ணும் பொருளினுள் யாது யாது அடங்கியுள்ளதென்று கணத்திற் கூறும் கைக்கருவி ஒன்று வாய்க்குமாயின், சமைப்போர்க்கு அதனினும் பேறு யாதுளது? 2014ஆம் ஆண்டில் இஸ்ரேல் நாட்டார் சிலர் ஸ்கியோ என்னும் பெயரால் அத்தகைய கருவியொன்றை அறிவித்து, அதனைச் செய்தற்கெனக் கிக்ஸ்டார்ட்டர் வாயிலாகப் பொதுமக்களிடம் 27 இலட்சம் டாலருக்குமேல் திரட்டினர். இத்தகைய கருவியால் இல்லத்தார்க்கு விளையும் பயன் எத்துணைத்து என்பதை ஈண்டு ஆராய்வாம்.

இக்கருவி உணவின்மேற் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளியைப் பாய்ச்சுகின்றது. நீர், சர்க்கரை, கொழுப்பு, புரதம் என்பன அவ்வொளியை வெவ்வேறு வகையில் உட்கொள்ளும். மீண்டு வரும் ஒளியை, முன்னரே தொகுத்த பதிவுகளோடு ஒப்பிட்டு விடை காண்பர். ஆதலின், பதிவில் இல்லாத பொருளைப்பற்றி நேரிய விடை எழாது. அன்றியும், அவ்வொளி மேற்பரப்பினின்று சிறிதளவே உட்புகும். ஆப்பிளின் இனிப்பை அளத்தற்கு இது போதியதே, (அதனை நாவே சொல்லுமன்றோ!) பருப்பும் காயும் எண்ணெயும் விரவிய குழம்பிலோ, மேலே மிதப்பதைக் கண்டு அடியிற் கிடப்பதை உரைக்கப் புகுவதாகும்.

யாம் அஞ்சுவது பிறிதொன்று. உணவில் தீங்கு விளைப்பன பெரும்பாலும் மிகச் சிற்றளவின. கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் புரதத்தை ஏலாத சீலியாக் நோயுடையார் பலர் உளர். குளூட்டன் அற்றதென விற்கும் உணவில், பத்து இலட்சத்தில் 20 பங்கிற்குக் குறைவாகவே அஃது இருத்தல் வேண்டும் என்பது அமெரிக்க விதி. அத்துணை நுண்ணளவை ஒளியால் ஆராயும் இச்சிறு கருவிகள் காணமாட்டா. கருவி வாளாவிருந்ததையே நற்சான்றாகக் கொண்டு ஒரு தாய் தன் மகவுக்கு ஊட்டுவாளாயின், துன்புறுவது அம்மகவேயன்றோ?

இக்குறையை நீக்கவே அமெரிக்காவில் நீமா என்னும் வேறொரு கருவி தோன்றிற்று. ஒரு சிறு துணுக்கைச் சிமிழில் இட்டால், குளூட்டனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களின் துணையாற் சில நிமிடங்களில் விடை காட்டும். ஆயினும், சிமிழொன்று ஒருமுறைக்கே உதவும். இட்ட துணுக்கையன்றி எஞ்சிய உணவை அஃது அறியாது. பிறர் சமைத்ததை உண்ண நேரும் நோயாளர்க்கு இது ஓரளவு துணையாம். தம் இல்லத்துச் சமைப்போர்க்கோ, பொதியின்மேல் அச்சிட்ட விவரத்தைப் படித்தலும், கலத்தையும் கரண்டியையும் வேறாக வைத்தலுமே மிக்க காவலாம்.

கருவியொன்று வேண்டுமென்பார், ஊசிபோற் குத்தி அளக்கும் சமையல் வெப்பமானியை வாங்குக. கோழியிறைச்சியின் தடித்த பகுதியில், எலும்பிற் படாதவாறு அதனைச் செருகி, 74 பாகை செல்சியஸ் எய்திற்றா என்று நோக்குதல் எளிது.