ஓர் அஞ்சடி, இரண்டு வாசல்

மலைமேல் கணினி – தொடர் 9

அரிசி வந்த பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்து, மேலே ஒரு துண்டைச் சுற்றி, மழைக்கோட்டுக்குள் அணைத்தபடி தன் மடிக்கணினியை மலேசிய மலையூரான தானா ராத்தாவுக்குக் கொண்டுவந்திருந்தார் தேயிலைத் தோட்டத்து அக்கா ஒருவர். பிரிஞ்சாங்குக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு ஏறும் சாலையில் பத்து மணிக்கும் மூடுபனி விலகாத நாள்கள் உண்டு. கூடவே நான்காம் படிவம் படிக்கும் மகன். கணினியை மேசையில் வைத்ததும் அக்கா சொன்னது ஒன்றுதான்.

"என்ன வேணும்னாலும் செய்ங்க சார். படம் மட்டும் அழிஞ்சிடக் கூடாது. இவங்க அப்பா படமெல்லாம் இதுலதான் இருக்கு."

சென்ற வாரம் ஈரமும் தூசியும் ஏறிய விசிறியைச் சுத்தம் செய்வது பற்றி எழுதினேன். இந்த வாரம் முழுக்க இந்த ஒரு கணினிதான்.

2016-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி நினைவகம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அந்த விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் வழக்கமாகத் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. பதிவு செய்துகொண்ட வீட்டுக் கணினிகளுக்கு இன்னும் ஓராண்டு, 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு உண்டு. அதற்குப் பிறகு? விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாட்டைக் கேட்கிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும் என்கிறது. இந்தக் கணினி அந்தப் படியிலேயே நின்றுவிடுகிறது. திரை நன்றாக இருக்கிறது, விசைப்பலகை நன்றாக இருக்கிறது. ஆனால் காலாவதி.

புதிது வாங்குங்கள், இல்லையென்றால் இருப்பதை அழித்துவிட்டு வேறு போடுங்கள் என்று இரண்டு வழிதான் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. தோட்டத்துச் சம்பளத்தில் முதல் வழி நடக்காது. இரண்டாவது வழியை அக்கா ஒப்புக்கொள்ள மாட்டார். நான் சொன்னது மூன்றாவது வழி: இருக்கும் விண்டோஸை அப்படியே விட்டுவிட்டு, அதே டிஸ்க்கில் பக்கத்திலேயே லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளத்தையும் குடிவைப்பது. கணினியைத் தட்டியெழுப்பும்போது எது வேண்டும் என்று அது கேட்கும். ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். வங்கிக் கணக்கு, மின்னஞ்சல், பள்ளிக்கூட வகுப்பு என்று இணையத்துக்குப் போகும் வேலையெல்லாம் லினக்ஸில். பழைய கோப்புகளும், விண்டோஸ் இல்லாமல் ஓடாத மென்பொருள்களும் விண்டோஸில், இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டு. ஆதரவு முடிந்த இயங்குதளத்தோடு இணையத்தில் அலைவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இது ஏதோ கணினிப் பித்தர்களின் வேலை என்று நினைப்பவர்கள் தமிழ்நாட்டைப் பார்க்கலாம். 2011 செப்டம்பர் 15 அன்று அங்கே தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் வாங்கிக்கொடுத்த கணினிகளில் விண்டோஸ் 7-உம் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கையில் சேர்ந்தபோதே அவை இரண்டு வாசல் கொண்டவை.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஒரே கூரை. நடுவில் சுவர். முன்னால் எல்லா வீட்டுக்கும் பொதுவாக அஞ்சடி என்ற நடைவழி. ஹார்ட் டிஸ்க்தான் கூரை, பார்ட்டிஷன்தான் சுவர். இ.எஃப்.ஐ. என்ற சின்னஞ்சிறு பகுதி ஒன்று டிஸ்க்கில் இருக்கிறது, அதுதான் அஞ்சடி. இரண்டு இயங்குதளங்களும் தங்கள் ஏற்றிகளை அங்கேதான் வைக்கின்றன. சுவர் எழுப்பும் வேலையில்தான் கவனம் வேண்டும். பக்கத்து வீட்டில் ஆள் இருக்கும்போதே எழுப்புகிறோம்.

ஆகவே முதல் வேலை, படம். 11 ஜிபி இருந்தது. வெளி டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் நகலெடுத்து, அந்த டிஸ்க்கைக் கழற்றி என் கணினியில் மாட்டி, பத்துப் பதினைந்து படங்களைத் திறந்து பார்த்தோம். திறந்து பார்க்காத நகலை நான் நகல் என்று எண்ணுவதில்லை. லினக்ஸை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே இதில் அடி விழுந்திருக்கிறது. ஹெல்சின்கியில் மாணவராக இருந்தபோது, மோடத்துக்குப் போக வேண்டியதைத் தவறுதலாக ஹார்ட் டிஸ்க்குக்கு அனுப்பி, அதிலிருந்த மினிக்ஸ் இயங்குதளத்தின் பகுதியைக் கெடுத்துக்கொண்டார். அவருக்கு அதனால் லினக்ஸிலேயே தங்கிவிடும் வாய்ப்பு வந்தது. இந்த அக்காவுக்குப் போனால் போனதுதான்.

இரண்டாவது, விண்டோஸ் டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கிறதா என்று பார்ப்பது. பிட்லாக்கர் என்ற அந்தப் பூட்டைப் போட்ட கணினியில் ஏற்றும் முறையை மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் வீட்டுக்குள் நுழைய முடியாது. இந்தக் கணினியில் பூட்டு இல்லை. புதிய கணினி வைத்திருப்பவர்கள் முதலில் அந்தச் சாவியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். விண்டோஸை நிறுத்தும்போது அது முழுதாகத் தூங்குவதில்லை. அடுத்த முறை வேகமாக எழுவதற்காகத் தன் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுக் கண்ணை மூடுகிறது. அந்த அரைத் தூக்கத்தில் லினக்ஸ் உள்ளே போய் எதையாவது எழுதினால் கோப்புகள் குழம்பும். அதனால் படிக்க மட்டுமே அது சம்மதிக்கும். பவர் அமைப்பில் அந்த வேகத் தொடக்கத்தை அணைத்தோம், உறக்கநிலையையும் சேர்த்து. அதில் இன்னொரு நன்மையும் கிடைத்தது. விண்டோஸின் டிஸ்க் மேலாண்மைக் கருவியில் சி பகுதியைச் சுருக்கப் போனபோது, 200 ஜிபிக்கு மேல் காலியாக இருந்தும் 60-தான் தருவேன் என்று அது அடம்பிடித்திருந்தது. நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருந்ததுதான் காரணம். உறக்கநிலைக் கோப்பு போனதும் 100 ஜிபி தாராளமாகக் கிடைத்தது. நான் தேர்ந்தெடுத்திருந்த லினக்ஸ் வகையான லினக்ஸ் மின்ட்டுக்கு 20 ஜிபி போதும், 100 இருந்தால் நிம்மதி என்கிறார்கள் அதை உருவாக்குபவர்கள்.

மின்ட்டின் நிறுவல் கோப்பு ஏறக்குறைய 3 ஜிபி. பள்ளத்தாக்கில் இருக்கும் லயத்தில் அதை இறக்க உட்கார்ந்தால் பொழுது விடிந்துவிடும் என்பதால் என் வீட்டிலேயே இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் எழுதி வைத்திருந்தேன். 4 ஜிபி நினைவகத்துக்கு எக்ஸ்எஃப்சிஇ பதிப்புதான் சுமை குறைவு. நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபை, ஒலி, கேமரா மூன்றும் வேலை செய்கின்றனவா என்று பார்த்தோம். செய்தன.

நிறுவும்போது ஒரு திரை வரும். விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு என்று ஒரு வரி. டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு என்று அடுத்த வரி. இரண்டுக்கும் இடையில் ஒரு விரல் தூரம்கூட இல்லை. அக்காவின் மகனை, அந்தத் தம்பியை, அங்கே நிறுத்தி, இரண்டையும் வாய்விட்டு மூன்று முறை படிக்கச் சொன்னேன். பிறகு அவன் கையாலேயே முதல் வரியைத் தேர்ந்தெடுத்தான். அக்கா திரையைப் பார்க்கவில்லை. மகன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரை மணி நேரத்தில் முடிந்தது. மீண்டும் ஏற்றியபோது, எது வேண்டும் என்று கேட்கும் க்ரப் திரை, கரும்பலகைபோல். மேலே மின்ட், கீழே விண்டோஸ். விண்டோஸையே முதலில் திறந்து, படங்களைக் காட்டிய பிறகுதான் அக்கா தேநீரைக் கையில் எடுத்தார். மின்ட்டில் தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொடுத்தேன். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் பிறந்த அந்த முறையில், தம்பி தன் பெயரைத் தட்டிப் பார்த்தான்.

பென்டிரைவை அழிக்காமல் வைத்துக்கொள்ளச் சொன்னேன். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் திருத்தம் ஒன்று, உலகெங்கும் இப்படி இரண்டு இயங்குதளம் கொண்ட பல கணினிகளில் லினக்ஸை எழவிடாமல் செய்தது. அஞ்சடி பொது என்பதால் ஒரு வீட்டார் செய்வது மற்றவர் வாசலையும் பாதிக்கும்.

மூன்று நாள் கழித்துத் தம்பி தொலைபேசியில் அழைத்தான்.

"சார், விண்டோஸ்ல மணி தப்பாக் காட்டுது. உள்ள இருக்கிற பேட்டரி செத்துப்போச்சுன்னு நினைக்கிறேன்."

"எவ்வளவு தப்பு, தம்பி?"

"இப்ப சாயங்காலம் நாலு பத்து. அது காலையில எட்டு பத்துங்குது."

சரியாக எட்டு மணி நேரம். பேட்டரி செத்தால் இவ்வளவு ஒழுங்காகத் தப்பாது. கணினிக்குள் இருக்கும் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதுகிறது. லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. மலேசியா அதற்கு எட்டு மணி நேரம் முன்னால் இருக்கிறது. லினக்ஸ் எழுதிவைத்ததை விண்டோஸ் உள்ளூர் நேரம் என்றே எடுத்துக்கொள்கிறது. 1981-இல் இது நடந்திருந்தால் ஏழரை மணி நேரம் தப்பியிருக்கும். 1982 ஜனவரி 1-ஆம் தேதிதான் தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பழகிய உடம்பு அந்த அரை மணியை ஏற்க நாளாயிற்று என்று என் அப்பா சொல்வார்.

லினக்ஸும் உள்ளூர் நேரத்தையே வைத்துக்கொள்ள ஒரு வரிக் கட்டளை உண்டு. தொலைபேசியிலேயே எழுத்துக் கூட்டிச் சொன்னேன். சரியாகிவிட்டது. பின்னாலிருந்து அக்கா பேசியை வாங்கினார்.

"சார், படம் ரெண்டு பக்கமும் இருக்கு. மின்ட்டுல போனாலும் தெரியுது."

"ஒரே படந்தான்க்கா. லினக்ஸுக்கு விண்டோஸ் வீட்டுக்குள்ள பாக்கத் தெரியும், அதனால ரெண்டு வாசல்லயும் தெரியுது. இங்க அழிச்சா அங்கயும் போயிடும். அந்த வெளி டிஸ்க்கை எங்க வெச்சிருக்கீங்க?"

"சாமி மேடையில சார்."