லூகாஸில் ஹாரன் டியூன் செய்தவர்... ஸ்டேடியத்தில் பாடிய கடைசி நான்கு பாட்டு!

பாடி லூகாஸ் ஸ்டாப்பிங்கில் தினமும் பஸ் மாறுகிறவர்களுக்கு ஒரு செய்தி. ஹெவி மெட்டல் இசையின் முன்னோடிப் பாடகரான ஓஸி ஆஸ்போர்ன், பாட வருவதற்கு முன் வேலை பார்த்த இடங்களில் ஒன்று லூகாஸ். பாடியில் அல்ல, இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில். 1961-ல் டி.வி.எஸ்ஸோடு கைகோத்து இங்கே வந்ததே, அதே லூகாஸ்தான்.

அவருடைய அம்மாவும் அங்கேதான் வேலை செய்தார். அப்பா வேறொரு கம்பெனியில் நைட் ஷிஃப்ட். மகனுக்குக் கிடைத்த வேலை, கார் ஹாரன்களை டியூன் செய்வது. நாள் முழுக்க காதைப் பிளக்கும் சத்தம். பின்னாளில் மேடையில் போட்ட சத்தத்துக்கு அங்கேதான் பயிற்சி எடுத்தாரோ என்னவோ!

அந்த ஓஸியின் ‘பிளாக் சபாத்’ இசைக்குழு, 2025 ஜூலை 5 அன்று தன் கடைசி நிகழ்ச்சியை நடத்தியது. இடம், பர்மிங்ஹாமின் வில்லா பார்க் கால்பந்து ஸ்டேடியம். ஐரோப்பாவில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஸ்டேடியம் கச்சேரிகளுக்கு சீசன். கால்பந்துப் போட்டிகள் முடிந்து மைதானம் காலியாக இருக்கும். பெரிய மெட்டல் குழுக்கள் லாரி லாரியாக சாமான்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புவது அப்போதுதான். பிளாக் சபாத் ஊர் சுற்றவில்லை. ஒரே ஒரு நாள், சொந்த ஊரில் முடித்துக்கொண்டது.

இந்தக் குழுவின் கிட்டார் கலைஞர் டோனி அயோமியின் கதை, அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஓட்டுகிறவர்களுக்கு இன்னும் நெருக்கமானது. அவருக்கு அப்போது 17 வயது. ஷீட் மெட்டல் கம்பெனியில் வெல்டிங் வேலை. இசைக்குழுவோடு ஜெர்மனிக்குப் போவதற்காக வேலையை விடுகிறார். கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போகவே நினைக்கவில்லை. ‘போய் ஒழுங்கா முடிச்சுட்டு வா’ என்று அனுப்பியது அம்மா. அன்றைக்குப் பார்த்து பிரஸ் ஓட்டுகிறவர் லீவு. பழக்கமில்லாத அந்த மெஷினில் இவரை நிறுத்திவிட்டார்கள். வலது கையின் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. அயோமி இடது கைக்காரர். கிட்டாரின் கம்பிகளை அழுத்துவதற்கு அவருக்கு வேண்டியதே அந்த விரல்கள்தான்.

ஆள் வராத மெஷினில் தெரியாத ஒருவரை நிறுத்துவது பர்மிங்ஹாமோடு முடிந்துபோன பழக்கமல்ல. இரண்டு கைகளாலும் பட்டனை அழுத்தினால்தான் இறங்கும் பிரஸ், கை உள்ளே போனால் தானாக நிற்கும் சென்சார் எல்லாம் வந்துவிட்டன. ‘புரொடக்‌ஷன் குறையுது’ என்று அவற்றை ஆஃப் செய்துவிட்டால் என்ன பயன்?

அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கினார். விரல் நுனிக்கு ஏற்ற தொப்பியாகத் தேய்த்து, அதன் மேல் தோல் துண்டை ஒட்டினார். சாதாரணக் கம்பிகளை அழுத்தினால் வலித்தது. அதனால் மெல்லிய கம்பிகளுக்கு மாறினார். பிறகு சுருதியையும் இறக்கிக் கம்பிகளைத் தளர்த்தினார். 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் அந்த இறக்கிய சுருதியைக் கேட்கலாம். ஹெவி மெட்டலின் அந்தக் கனமான, இருண்ட ஒலிக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இசை இந்தியாவுக்கு வராமல் இல்லை. 2007 மார்ச்சில் பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் அயர்ன் மெய்டன். 2011 அக்டோபர் 30-ல் அங்கேயே மெட்டாலிகா. அதற்கு இரண்டு நாள் முன்பு குர்கானில் கூட்டம் தடுப்பை உடைத்ததால் மெட்டாலிகா ஏறாமலேயே நிகழ்ச்சி ரத்தானது. சென்னைக்கு ஆறுதல், 2009-ல் ஐ.ஐ.டி. சாரங் விழாவுக்கு வந்த ஸ்வீடனின் ஓபெத். மற்றபடி பெங்களூருதான் கதி. அந்த ரயில்களோ அம்பத்தூர், ஆவடி வழியாகப் போனாலும் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை!

அதே மெட்டாலிகா, வில்லா பார்க்கில் பிளாக் சபாத்துக்கு மரியாதை செய்ய வந்திருந்தது. கன்ஸ் அண்ட் ரோஸஸ், ஸ்லேயர், டூல் என்று வரிசையாக வந்தவர்கள் ஏராளம். ஒரு குழு இறங்கும்போதே அடுத்த குழு தயாராக நிற்பதற்காக மேடையே சுழலும்படி அமைத்திருந்தார்கள். வருமானம் பார்க்கின்சன் நோய் ஆராய்ச்சிக்கும், பர்மிங்ஹாம் குழந்தைகள் மருத்துவமனைக்கும், குழந்தைகளுக்கான ஒரு பராமரிப்பு இல்லத்துக்கும்.

ஓஸிக்கும் பார்க்கின்சன் நோய்தான். நிற்க முடியாது. சிம்மாசனம் போன்ற கறுப்பு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தனியாக ஐந்து பாட்டு பாடினார். பிறகு அயோமி, கீஸர் பட்லர், பில் வார்டு ஆகியோரோடு நான்கு. இந்த நால்வரும் ஒன்றாக மேடையேறி 20 வருடங்கள் ஆகியிருந்தன. அயோமிக்கு வயது 77, விரல்களில் அதே மாதிரித் தொப்பிகள்.

ஓஸி வளர்ந்த வீடு, ஸ்டேடியத்துக்குப் பக்கத்தில் ஆஸ்டன் பகுதியில் இருக்கிறது. சின்ன வீடு, ஆறு பிள்ளைகள். சிறுவயதில் மேட்ச் பார்க்க வருகிறவர்களின் கார்களுக்குக் காவல் இருந்து சில்லறை சம்பாதித்த தெருக்கள் அவை. நிகழ்ச்சி முடிந்து 17-வது நாள், ஜூலை 22-ல் அவர் இறந்தார். வயது 76. ஜூலை 30-ல் பர்மிங்ஹாம் தெருக்கள் வழியாக இறுதி ஊர்வலம் போனபோது ரசிகர்கள் அவர் பெயரைக் கூவி வழியனுப்பினார்கள்.